சம்பளம் பெற்றுக்கொண்டேன்

பாக்கியத்தை வேலைக்காரியாக்கியது நான்தான். சட்டம் அப்படி என்று சொல்லித் தப்பிக்கலாம். வரி அலுவலகத்தின் மேல் பழி போடலாம். செத்துப்போன திருவேங்கடத்தின் தலையில்கூடக் கட்டிவிடலாம், அவர் எழுந்து வந்து மறுக்கப்போவதில்லை. ஆனால் அந்தத் தாளை எழுதியது என் கை. கோபாலன் எழுதினால் அச்சடித்த மாதிரி இருக்கும் என்று ரோஸ் ஹில்லில் சொல்வார்கள். அந்தப் பெருமையில் தேவைக்கு மேல் ஒரு வரி கூடுதலாகவே எழுதினேன்.

ஒரு வக்கீலிடம் பதினோரு வருடம் குமாஸ்தாவாக இருந்துவிட்டு, பிறகு கடைக்காரர்களுக்கு வருமான வரிப் படிவம் எழுதிக்கொடுத்துப் பிழைத்தவன் நான். படிவம் ஆங்கிலத்தில் இருக்கும். அதிகாரி பிரெஞ்சில் கேட்பார். கடைக்காரன் கிரியோலில் பொய் சொல்வான். இந்த மூன்றுக்கும் நடுவில் உட்கார்ந்துதான் நான் சோறு தின்றேன்.

திருவேங்கடத்தின் கடை ரோஸ் ஹில் ரயில் நிலையத்துக்கு எதிரே இருந்தது. ஆணி, கீல், பூட்டு, கயிறு, கூரைக்குப் போடும் தகரம். கடைக்குப் பின்னால் இரண்டு அறைகளில் அவரும் பாக்கியமும் குடியிருந்தார்கள். பிள்ளை இல்லை. ஒன்று பிறந்து மூன்றாம் மாதமே போய்விட்டது. திருவேங்கடம் நல்ல மனுஷர், வாயும் நல்ல நீளம். வருகிறவர்களிடம் ஊர் நியாயம் பேசுவதே அவருக்கு வியாபாரம். கடையை நடத்தியது அவள்தான். காலை ஆறு மணிக்குக் கதவு திறப்பாள், பீப்பாயிலிருந்து ஆணியை அள்ளி நிறுப்பாள், தகரத்தைத் தோளில் தூக்கி லாரியில் ஏற்றுவாள். தகரம் கிழித்த தழும்புகள் அவளுடைய இரண்டு முன்கைகளிலும் உண்டு. நான் அவளை அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். உறவு ஒன்றுமில்லை, பழக்கம்தான்.

1960 பிப்ரவரியில் கரோல் புயல் அடித்து, எங்கள் தீவில் பாதி வீடுகளின் கூரையைப் பிடுங்கிக்கொண்டு போனது. அந்த வருடம் தகரம் வைத்திருந்தவன்தான் ராஜா. திருவேங்கடம் கிடங்கில் இருந்ததை விற்றார், வரவழைத்து விற்றார், கிழிசல் தகரத்தைக்கூட விற்றார். வரிப் படிவத்தில் அதில் பாதியைத்தான் காட்டினோம். காட்டினோம் என்று சொல்வதற்கு எனக்கு வெட்கமில்லை, அப்போது எல்லாரும் செய்ததுதான். மிச்சப் பாதியின் கணக்கு ஒரு கோடு போட்ட நோட்டில் இருந்தது. கோயில் வகுப்பில் படித்த தமிழில் பாக்கியம் அதை எழுதி வைத்திருந்தாள். யாருக்கு எத்தனை தகரம், யார் பணம் தந்தார், யார் தரவில்லை, எல்லாம் அதில் உண்டு. அந்த நோட்டை முருகன் படத்துக்கு அடியில் வைத்திருந்தாள். அங்கே யாரும் கை வைக்க மாட்டார்கள் என்ற நம்பிக்கை.

1962 ஏப்ரலில் ஒரு செவ்வாய்க்கிழமை கை வைத்தார்கள். வரி அலுவலகத்திலிருந்து நாலு பேர் வந்தார்கள். தலைமை எட்மோன் என்ற அதிகாரி. இஸ்திரி கலையாத சட்டை, குரல் உயராத பேச்சு. ஆளனுப்பி என்னைக் கூப்பிட்டார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது படம் கீழே இறங்கியிருந்தது, நோட்டு மேசை மேல் இருந்தது. பீரோவில் இருந்த நகைகளை ஒருவன் பட்டியல் எழுதிக்கொண்டிருந்தான். அவன் பாக்கியத்தின் கழுத்தைக் காட்டி, அதையும் எழுதட்டுமா என்று கேட்டான். எட்மோன் தலையைத் தூக்கிப் பார்த்தார். "அது மதாமுடைய தாலி. விடு" என்றார்.

அன்றைக்கு இருந்தவர்களில் அவளை ஒரு மனைவியாக மதித்துப் பேசியவர் அவர் ஒருவர்தான். இதை நான் பிறகு பலமுறை நினைத்துக்கொண்டேன்.

பிறகு தலைநகர் போர்ட் லூயிஸில் விசாரணை. நோட்டில் இருந்ததை நானே படித்து மொழிபெயர்த்துச் சொன்னேன், வேறு வழியில்லை. கடந்த ஆறு வருடக் கணக்கையும் திறந்து மறுமதிப்பீடு செய்யப்போவதாக எட்மோன் சொன்னார். பழைய படிவங்களைப் புரட்டிக்கொண்டே, வருடா வருடம் மனைவிக்கென்று வரிக் கழிவு கேட்டிருக்கிறீர்களே, கல்யாணப் பத்திரம் எங்கே என்றார். அவர் அதைச் சும்மா வழக்கத்துக்குத்தான் கேட்டார். திருவேங்கடம் என்னைப் பார்த்தார். நான் மேசையைப் பார்த்தேன்.

பத்திரம் இல்லை. 1941ல் கான் தெ மாஸ்க் ஊர்க் கோயிலில், நாதஸ்வரமும் மஞ்சள் கயிறுமாக, ஊரே பார்க்க நடந்த கல்யாணம். ஆனால் அரசாங்கப் பதிவு அலுவலகத்துக்கு, எங்கள் வாயில் எத்தா சிவில், அவர்கள் போகவே இல்லை. கோயில் கல்யாணம் சட்டத்துக்குக் கல்யாணமே இல்லை. அந்தக் காலத்தில் எங்களில் எத்தனையோ பேர் அப்படித்தான். திருவேங்கடத்துக்கு அதில் ஒரு வீம்பும் இருந்தது. அவருடைய தாத்தா கப்பலேறும் முன் ஒரு தாளில் பெருவிரலை வைத்துவிட்டு, கரும்புத் தோட்டத்தில் முதுகு ஒடிந்தவர். தாளில் கைநாட்டு வைத்தால் அடிமை என்பது அந்த வீட்டுச் சட்டம். கல்யாணத்துக்குமா கான்ட்ராக்ட் எழுதுவது என்று சொல்லிச் சிரிப்பார்.

நோட்டீஸ் வந்தபோது சிரிப்பு நின்றது. மறைத்த தகரக் கணக்கு, அதற்கு வரி, அதற்கு மேல் அபராதம். மனைவி கழிவு ஆறு வருடத்துக்கும் ரத்து. கட்டாவிட்டால் கடையும் பின்னால் இருக்கும் இரண்டு அறைகளும் ஏலத்துக்குப் போகும். திருவேங்கடம் இரண்டு நாள் சாப்பிடவில்லை. பாக்கியம் வழக்கம்போல ஆறு மணிக்குக் கடை திறந்தாள்.

நான் சும்மா இருப்பேனா. முன்பு கேட்காத கழிவுகளையெல்லாம் தேடி எடுத்துப் புதுப் பட்டியல் போட்டேன். புயலில் நனைந்து வீணான சிமெண்ட், கடன் வாங்கித் திருப்பித் தராதவர்கள், கிடங்கு வாடகை. எட்மோன் பட்டியலைத் தொடாமலே படித்தார். மறைத்ததைப் பிடிப்பதற்காகத்தான் கணக்கைத் திறந்தோம், உங்களுக்குப் பரிசு கொடுக்க இல்லை என்றார். திறந்த வருடத்தை முழுவதும்தான் திறக்க வேண்டும், உங்கள் பக்கத்துக் கதவை மட்டும் திறந்தால் அது மதிப்பீடு ஆகாது என்று நான் வாதாடினேன். அவர் கொஞ்சம் யோசித்தார். எழுத்தில் ஆதாரம் இருந்தால் எதையும் பார்க்கிறேன் என்றார். சிமெண்டுக்கு ஆதாரம் இல்லை. கடனாளிகளோ ஒப்புக்கொள்ள மாட்டார்கள். பட்டியல் அங்கேயே செத்தது.

கிளம்பும்போது அவர் அந்த நோட்டைத் திறந்து, இது யார் கையெழுத்து என்று கேட்டார். அந்த நிமிஷத்தில்தான் எனக்கு மூளை வேலை செய்தது. செய்யாமலே இருந்திருக்கலாம். கடையில் வேலை செய்கிற பெண்ணுடையது என்றேன்.

பஸ்ஸில் வீடு திரும்பும்போது எனக்கு உடம்பெல்லாம் உற்சாகம். மனைவி இல்லை என்று சொன்னது அவர்கள்தானே. மனைவி இல்லையென்றால் அவள் யார்? ஆறு வருடம் கடையில் வேலை செய்த பெண். வேலை செய்தவளுக்குச் சம்பளம் கொடுத்திருக்க வேண்டும். சம்பளம் செலவு, செலவு கழிவு. மாதம் நூற்றைம்பது ரூபாய் வீதம் ஆறு வருடம் போட்டுப் பார்த்தேன். வரியும் அபராதமும் திருவேங்கடம் கட்டக்கூடிய அளவுக்கு இறங்கிவந்தன. கடை பிழைக்கும். ஆதாரமாக அவள் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டால் போதும்.

அந்தத் தாளைப் பிரெஞ்சில் எழுதினேன். திருவேங்கடத்தின் கடையில் மாதச் சம்பளத்துக்கு வேலை செய்கிறேன், அவருக்கும் எனக்கும் மண உறவு இல்லை. இவ்வளவுதான் தேவை. ஆனால் அதிகாரி எங்கேயும் சந்து கண்டுபிடிக்கக் கூடாது என்று நான் இன்னொரு வரி சேர்த்தேன்: சம்பளம் முழுவதும் பெற்றுக்கொண்டேன், கடையிலோ வீட்டிலோ எனக்கு எந்தப் பங்கும் இல்லை. எழுதி முடித்து, தள்ளி வைத்து அழகு பார்த்தேன்.

கடையின் பின்னறையில் வைத்து அவளிடம் கொடுத்தேன். எங்கள் வீடுகளில் கிரியோல்தான் பேச்சு, தமிழ் அங்கங்கே உப்பு மாதிரி; தாளைப் பாப்பியே என்போம். பாக்கியம் முக்கியமானதைத் தமிழில்தான் கேட்பாள்.

"இந்த பாப்பியேல என்ன எழுதியிருக்க தம்பி? தமிழ்ல சொல்லு."

சொன்னேன், கடைசி வரி உட்பட. அவள் என்னைப் பார்க்கவில்லை, புருஷனைப் பார்த்தாள்.

"மாசம் நூத்தம்பதா? அவ்வளவா குடுத்தீங்க எனக்கு?"

திருவேங்கடம் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. நாளைக்கே எத்தா சிவில் போய் எழுதிவிட்டு வந்துவிடலாமே, இந்தப் பொய் எதற்கு என்று அவள் கேட்டாள். இப்போது எழுதினால் இன்றைய தேதியிலிருந்துதான் மனைவி, பழைய ஆறு வருடத்துக்கு உதவாது, அதோடு இந்தக் கழிவும் சந்தேகத்தில் போய்விடும் என்று விளக்கினேன். உத்தரவு வந்ததும் முதல் வேலையாகப் பதிவு செய்துகொள்ளுங்கள், நானே சாட்சிக் கையெழுத்துப் போடுகிறேன் என்றேன்.

"எத்தனை நாளைக்கு நான் வேலைக்காரி?"

"மூணு மாசம் அண்ணி. வெறும் பாப்பியேதானே. கோயில்ல கட்டினத யாரு அவுக்கப்போறா?"

அவள் தாலியை எடுத்து ரவிக்கைக்குள் போட்டுக்கொண்டாள். பிறகு பேனாவை வாங்கி, தமிழில், பா என்று தொடங்கி ஒவ்வொரு எழுத்தாகப் போட்டாள். கடைக்கு யாரோ ஆணி கேட்டு வந்தார்கள். எழுந்து போய்விட்டாள்.

எட்மோன் அந்தத் தாளை இரண்டு முறை படித்தார். நோட்டிலிருந்த எழுத்தோடு ஒப்பிட்டார். "அந்தப் பெண் கழுத்தில் இருந்ததை நான் பார்த்தேன், கோபாலன்" என்றார். சட்டம் அதைப் பார்க்கவில்லையே மிசியே என்றேன். அவருக்கு முகம் சிவந்தது. கழிவை ஏற்றுக்கொண்டார். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். வழியில் ஒரு ரொட்டிக்கடையில் இரண்டு கேக் வாங்கித் தின்றது ஞாபகம் இருக்கிறது.

மூன்று மாதம் ஏழு மாதமானது. நவம்பரில் உத்தரவு வந்தது. திருவேங்கடம் வீம்பை விட்டுவிட்டிருந்தார். வா, இந்த வாரமே பதிவு செய்துவிடலாம் என்று அவரே என்னிடம் வந்தார். நான்தான் தடுத்தேன். மேலதிகாரி இரண்டு மாதத்துக்குள் உத்தரவை எடுத்துப் பார்க்கலாம், அந்த நேரத்தில் வேலைக்காரியைக் கல்யாணம் செய்த பத்திரம் கண்ணில் பட்டால் எல்லாம் பாழ், ஜனவரி முடியட்டும் என்றேன். கவனமான மனிதன் நான். அவ்வளவு கவனத்திலும் ஒரு உயில் எழுதி வையுங்கள் என்று சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

ஜனவரி ஒன்பதாம் தேதி, ஒருவருக்குப் பூட்டு எடுத்துக் காட்டிக்கொண்டிருக்கும்போது திருவேங்கடம் அப்படியே சாய்ந்தார். பாக்கியம் ஓடி வந்து தாங்குவதற்குள் முடிந்துவிட்டது. பூட்டு அவர் கையிலேயே இருந்தது.

கான் தெ மாஸ்க்கிலிருந்து அவருடைய தம்பி பழனியாண்டி வந்தார். அவர் கெட்டவர் என்று சொன்னால் கதை எனக்குச் சௌகரியமாக இருக்கும், ஆனால் கெட்டவர் இல்லை. அண்ணன் உடம்பின் மேல் விழுந்து நிஜமாகவே அழுதார். சொந்தமாக இரண்டு ஏக்கர் கரும்பு, கல்யாணத்துக்கு நிற்கிற நாலு பெண்கள். ஐந்தாம் நாள், சொத்துப் பத்திரங்கள் எழுதும் நொத்தாரிடம் போய் வந்தார். சட்டப்படி வாரிசு அவர் ஒருவர்தான்.

நான் பாக்கியத்தை என் பழைய வக்கீலிடம் கூட்டிக்கொண்டு போனேன். அவர் நம்பிக்கையாகத்தான் பேசினார். மனைவி என்று வாதாட முடியாது, ஆனால் இருபது வருடம் சேர்ந்து உழைத்தவள், கடையில் பங்காளி என்று கேட்கலாம், பாதிக்குக் குறையாமல் கிடைக்கலாம் என்றார். பாக்கியத்தின் முகத்தில் அந்தப் பத்து நாளில் முதல்முறையாக உயிர் வந்தது. பிறகு வக்கீல் கேட்டார்: இவள் எங்கேயாவது எதிலாவது கையெழுத்துப் போட்டிருக்கிறாளா?

தாளின் நகல் என் சட்டைப் பையில் இருந்தது. எடுத்து வைத்தேன். அவர் கடைசி வரி வரை படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். இந்தக் கடைசி வரியை அதிகாரி கேட்டாரா என்று என்னிடம் கேட்டார். இல்லை என்றேன். பதினோரு வருடம் என்னிடம் இருந்தாய் என்று மட்டும் சொன்னார். பொய் என்று இப்போது நிரூபிக்கப் போனால் வரி அலுவலகத்தை ஏமாற்றிய குற்றம் வரும், கழிவும் போகும், கடையும் ஏலத்துக்குப் போகும். எந்தப் பக்கமும் வழியில்லை. பாக்கியம் முந்தானையைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள். எனக்கு அங்கேயே செத்துப்போகலாம் போல இருந்தது.

பதினாறாம் நாள் வரை அவள் அந்த வீட்டில் இருக்கலாம் என்று பழனியாண்டி சொன்னார். பிறகு, நொத்தார் வரி அலுவலகத்திலிருந்து வாங்கிப் படித்த தாளில் உள்ளபடி ஒரு மாதச் சம்பளம் கொடுத்து அனுப்பிவிடுவதாகவும் சொன்னார். அதை அவர் தயவாகத்தான் சொன்னார்.

பதினாறாம் நாள் காலையில் கடையின் பின்முற்றத்தில் கருமாதி. கோயில் பூசாரி, உறவுக்காரர்கள், அக்கம்பக்கத்து வியாபாரிகள் என்று முப்பது பேர் இருந்தார்கள். பழனியாண்டியின் மனைவி தெய்வானை ஒரு பித்தளைத் தட்டில் வெள்ளைச் சேலை, ஒரு கிண்ணத்தில் பால் எடுத்து வைத்திருந்தாள். தாலியைக் கழற்றிப் பாலில் போட வேண்டும். அது நடந்தால்தான் செத்தவருக்கு இந்த வீட்டோடு கட்டு அறும், போகிற வழி திறக்கும் என்பது எங்கள் வழக்கம். பாக்கியத்தைக் கடைசி முறையாகப் பூ வைத்து, வளையல் போட்டு, நடுவில் உட்கார வைத்தார்கள். தெய்வானை அழுதுகொண்டே அவள் கழுத்துக்குக் கை கொண்டுபோனாள்.

பாக்கியம் அந்தக் கையைப் பிடித்து, மெதுவாக இறக்கினாள்.

"இரு தெய்வானை. தம்பி, அந்த பாப்பியே வச்சிருக்கியா? எல்லாருக்கும் கேக்கற மாதிரி வாசி."

நான் தலையாட்டி மறுத்தேன். அவள் கையை நீட்டிக்கொண்டே இருந்தாள். கடைசியில் எடுத்து வாசித்தேன். பிரெஞ்சில் ஒருமுறை, தமிழில் ஒருமுறை. மண உறவு இல்லை என்ற இடத்தில் குரலைத் தாழ்த்தினேன். சத்தமாக என்றாள். சம்பளம் முழுவதும் பெற்றுக்கொண்டேன் என்பதையும் படித்தேன். பூசாரி வாய் திறந்தபடி நின்றார்.

"கேட்டீங்கள்ல?" என்றாள் பாக்கியம். "நொத்தாரு இதத்தான் படிச்சாரு, வக்கீலும் இதத்தான் படிச்சாரு. வீடு குடுக்க நான் பொஞ்சாதி இல்ல. அப்ப தாலி அறுக்க மட்டும் நான் எப்படிப் பொஞ்சாதி? பத்ரோன் செத்தா வேலைக்காரி தாலி அறுக்க மாட்டா."

முதலாளியைத்தான் நாங்கள் பத்ரோன் என்போம். இருபத்திரண்டு வருடத்தில் அவரை அவள் அப்படிச் சொன்னது அன்று ஒருமுறைதான்.

பழனியாண்டி முன்னால் வந்து கெஞ்சினார். அண்ணன் ஆத்மா அலையும் அண்ணி, இதை மட்டும் செய்து கொடுங்கள் என்றார். அண்ணி என்ற வார்த்தை அவர் வாயில் பதினாறு நாளைக்குப் பிறகு வந்தது. அவள் எழுந்தாள். உள்ளே போய் ஒரு தகரப் பெட்டியோடு திரும்பி வந்தாள். ஒரு மாதச் சம்பளத்தைத் தெய்வானை நீட்டினாள், அதையும் வாங்கவில்லை. தலையில் பூவும் நெற்றியில் பொட்டும் கழுத்தில் தாலியுமாக, முப்பது பேரும் பார்க்க, கடை வழியாகவே வெளியே நடந்தாள். பால் கிண்ணம் அப்படியே இருந்தது. பூசாரி மிச்ச மந்திரத்தைச் சுருக்கமாகச் சொல்லி முடித்தார்.

ஊர் என்னவெல்லாம் பேசியது என்று எழுத என் கை கூசுகிறது. புருஷனை நடுவழியில் நிறுத்திவிட்டுப் போனவள் என்றார்கள். வெட்கம் கெட்டவள் என்றார்கள். அந்தத் தாளை எழுதியவனைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு வாடிக்கையாளர்கள் கூடினார்கள்.

எட்டு மாதம் கழித்து காத்ர் போர்ன் சந்தைக்குப் போனேன். அங்கே ஒரு துணிக்கடையில் அவள் நிற்கிறாள் என்று கேள்விப்பட்டிருந்தேன். கஜக்கோலால் துணி அளந்துகொண்டிருந்தாள். பொட்டு இருந்தது, தாலி வெளியே தெரிந்தது. என்னைப் பார்த்துவிட்டு, அளந்து முடித்து, மடித்துக் கொடுத்து அனுப்பிய பிறகுதான் வந்தாள். நான் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வாயில் வைத்திருந்ததெல்லாம் எங்கோ போய்விட்டது. சாப்பிட்டீர்களா அண்ணி என்று கேட்டேன்.

சாப்பிட்டேன் என்றாள். பிறகு தானாகவே சொன்னாள், அவருக்குக் காரியம் முடியாமல் போனதுதான் மனசை அறுக்கிறது என்று. "போற வழியில எனக்காக நின்னுக்கிட்டே இருக்காரோ என்னமோ. அவரு மேல எனக்குக் கோவமே இல்ல தம்பி. அன்னிக்கு யாரு மேல கோவப்பட்டேன்னு தெரியல."

எனக்குத் தெரியும். ஆனால் சொல்லத் தைரியம் வரவில்லை. இங்கே சம்பளம் எவ்வளவு என்று கேட்டு வைத்தேன். வேறென்ன கேட்கத் தெரியும் எனக்கு?

"மாசம் நாப்பது" என்றாள். உள்ளங்கையைத் திறந்து என்னிடம் காட்டினாள். தகரம் கிழித்த கோடுகள் அதிலும் இருந்தன.

"இங்க நெசமாவே கையில குடுக்கறாங்க தம்பி" என்று சொல்லிவிட்டு, அடுத்து வந்தவருக்குத் துணி எடுத்துப் போடப் போய்விட்டாள்.